ஊட்டியா, லால்பாகா, பேராதனையா? ஒரே ஒரு தாவரவியல் பூங்காவுக்குத்தான் போக முடியும் என்றால்

மார்ச் மாதம் வந்தால் இந்தக் கேள்வி யாரிடமிருந்தாவது வந்துவிடும். இந்த வருடம் கேட்டது என் சித்தி மகள். "அண்ணா, பரீட்சை முடிஞ்சதும் பையனை ஒரு நல்ல தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஊட்டியா, பெங்களூர் லால்பாகா? இவர் கண்டிக்கே போயிடலாம்னு சொல்றார். அம்மாவும் வர்றாங்க, முட்டி வலி வேற."

ஊட்டி, லால்பாக், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனை, இந்த மூன்று பூங்காவுக்கும் பல தடவை போயிருக்கிறேன். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஆட்களோடு. படம் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: புல்வெளி, பூப்பாத்தி, பெரிய மரம். நேரில் போனால் இவற்றுக்குள் ஒற்றுமையே குறைவு. ஒன்று மலைச்சரிவு, ஒன்று ஊர் நடுவே பாறையும் ஏரியும், ஒன்று ஆறு வளைத்துக்கொண்ட சமவெளி. ஒருவருக்கு மிகப் பொருத்தமான பூங்கா இன்னொருவருக்குத் தண்டனையாகிவிடும். என் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப்போய் நான் கற்றுக்கொண்ட பாடம் அது.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது?

என் வரிசையில் முதலில் வருவது கால். கூட வருபவர்களில் மிக மெதுவாக நடப்பவர் யார், அவரால் சரிவு ஏற முடியுமா என்று பாருங்கள். அவர் எங்கே உட்கார்ந்துவிடுகிறாரோ, மொத்தக் குடும்பத்துக்கும் பூங்கா அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, பயணம் போக மிஞ்சும் நேரம். ஐந்து மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பூங்காவில் ஓடுவதை நான் பார்த்ததாகவே எண்ண மாட்டேன். மூன்றாவது, உங்களுக்கு வேண்டியது பூவா மரமா என்பது. இதை யாரும் தங்களையே கேட்டுக்கொள்வதில்லை. பூ என்றால் மாதம் முக்கியம். மரம் என்றால் எந்த மாதமும் சரி, மழையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாகச் செலவு. நுழைவுச்சீட்டை விட்டுவிடுங்கள். இந்தியாவில் உள்ள இரண்டிலும் அது குடும்பத்தைக் கடிக்கிற தொகை இல்லை. அறை வாடகை, வண்டி, நெரிசலில் போகும் அரை நாள், குளிருக்கு வாங்கும் ஸ்வெட்டர் என்று சீட்டுக்கு வெளியே போவதுதான் பெரிது.

| | ஊட்டி | லால்பாக் | பேராதனை |
|---|---|---|---|
| தொடக்கம் | 1848 | 1760 | 1821 |
| பரப்பு | சுமார் 55 ஏக்கர் | 240 ஏக்கர் | 147 ஏக்கர் |
| உயரம் | 2,250 மீட்டருக்கு மேல் | சுமார் 900 மீட்டர் | சுமார் 460 மீட்டர் |
| தரை | சரிவு, படிகள் | பெரும்பாலும் சமம், ஒரு பாறைக்குன்று | சமம் |
| எதற்குப் போகலாம் | பூ, குளிர், புல்வெளி | மரம், கண்ணாடி மாளிகை, காலை நடை | மரம், பனை வகைகள், ஆர்க்கிட் |
| நல்ல காலம் | ஏப்ரல், மே. செப்டம்பர், அக்டோபர் | ஜனவரி முதல் மார்ச் வரை | ஜனவரி முதல் ஏப்ரல் வரை |
| உள்ளே வேண்டிய நேரம் | 3 மணி | ஒரு முழுக் காலை | 4 அல்லது 5 மணி |

## ஊட்டி: பூவுக்கு நிகரில்லை, ஆனால் மே மாதம் யோசிக்க வேண்டும்

தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவில் இருக்கிறது அரசு தாவரவியல் பூங்கா. 1840களில் இங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் தங்களுக்குக் காய்கறி விளைவிக்கச் சந்தா போட்டுத் தொடங்கிய தோட்டம் இது. 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்தார். சதுப்பும் காடுமாக இருந்த சரிவைப் பத்து வருடம் போல உழைத்துப் பூங்காவாக்கினார். நீலகிரியில் சின்கோனா பயிரிட்டுக் காய்ச்சலுக்கான குயினினுக்கு வழி செய்தவரும் இவரே. பூங்காவின் மேல் முனையில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. மெக்ஐவர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த மலை அவர்களுடையது. அங்கே போகிறவர்கள் அதை ஒரு வீடு என்று நினைத்துப் போக வேண்டும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

பூ என்று வந்தால் மற்ற இரண்டும் ஊட்டிக்குப் பக்கத்தில் வர முடியாது. ஐரோப்பியக் குளிர்ச் செடிகள் இங்கே நிஜமாகவே செழிக்கின்றன. மலர் மாடங்களில் தொட்டிகள் அடுக்கியிருக்கும். பெரணி இல்லத்தின் ஈர வாசனையும், கண்ணாடி மாளிகையும், இத்தாலியன் பூங்காவின் பாத்திகளும் கண்ணை நிறைக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே அடைக்கப்பட்டிருந்த இத்தாலியக் கைதிகள் அமைத்தது என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத் துண்டு ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது கல்லா மரமா?" என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். மலர்க்காட்சி அப்போதுதான். 1896இல் தொடங்கிய மரபு, 2025இல் நடந்தது 127ஆவது. பார்க்க வேண்டியதா? வாழ்க்கையில் ஒரு தடவை, ஆமாம். ஆனால் அந்தச் சமயத்தில் நீங்கள் செடியைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். காட்சிக்குத் தயார் செய்ய அதற்கு முந்தைய வாரங்களில் பெரிய புல் மைதானத்தை மூடிவிடுவதும் உண்டு. ஏப்ரல் கடைசியில் போன என் நண்பர் குடும்பம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று புல்லைப் பார்த்துவிட்டு வந்தது.

மே மாதச் செலவுகளை எண்ணிப் பாருங்கள். அறை வாடகை சாதாரண நாளைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு வருடம் போனில் பேசி உறுதி செய்த அறைக்கு நேரில் போனபோது வேறு தொகை சொன்னார்கள். இரவு ஒன்பது மணி, கையில் தூங்கும் குழந்தை. கொடுத்தேன். அப்புறம் முன்பணம் கட்டி, தொகையை எழுத்தில் வாங்காமல் நான் கிளம்புவதே இல்லை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். கோவையிலிருந்து 85 கிலோமீட்டர்தான், சாதாரணமாக மூன்று மணி நேரம். சீசன் சனிக்கிழமையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த முறை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பாஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கிளம்பும் நாளன்று பதிவு செய்து பார்த்துவிட்டு இடமில்லை என்று திரும்பியவர்கள் உண்டு. அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தில் ஊட்டிக்கு உகந்த காலம் இரண்டாம் சீசன்தான், அதாவது செப்டம்பரும் அக்டோபரும். தொட்டிகளில் புதிதாகப் பூத்திருக்கும், கூட்டம் பாதிகூட இருக்காது. நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் அதையொட்டியே வருகிறது. மழை குறுக்கிடலாம், குடை போதும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். நாற்றுகளை மிலார் செடிகளால் மூடி வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பூ குறைவு, மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது.

கால் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுழைவாயிலை ஒட்டிய கீழ்ப்பகுதி ஓரளவு நடக்கக்கூடியது. அதற்கு மேலே எல்லாம் ஏற்றம். உயரத்தில் காற்றும் மெலிந்திருக்கும். என் அம்மா புல்வெளியோரப் பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவருடைய ஊட்டி அந்தப் பெஞ்சும் ஒரு பூப்பாத்தியும்தான். அவர் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் அது உறுத்துகிறது.

## லால்பாக்: பலரும் குறைவாக எடைபோடும் பூங்கா

"பெங்களூரில் ஒரு பார்க்" என்று நினைத்துப் பலர் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. தொடக்க காலத்தில் இங்கே மண்ணைக் கொத்தியவர்களில் தமிழ்நாட்டு வேர் உள்ள திகளர் சமூகத்தாருக்கு முக்கியமான இடம் உண்டு. தோட்ட வேலையில் கைதேர்ந்தவர்கள், பெங்களூரின் கரகத் திருவிழாவும் அவர்களுடையதே. ஆங்கிலேயர் காலத்தில் ஜான் கேமரன் பொறுப்பில் இருந்தபோது லால்பாக் வழியாகப் பல புதுக் காய்கள் பரவின. சௌசௌவும் அதில் ஒன்று என்பார்கள். நம் வீடுகளில் அதற்கு இன்னும் பெங்களூர் கத்திரிக்காய் என்றுதானே பெயர்!

உள்ளே போனால் முதலில் பாறைக்குன்று. 300 கோடி ஆண்டுக்கு மேல் பழமையான பாறை, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதன் உச்சியில் கெம்பே கௌடா கோபுரம். ஏறுவதற்கு எளிதான சாய்வுதான், முடியாதவர்கள் கீழேயே இருந்துவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. ஏனென்றால் மீதி 240 ஏக்கரும் பெரும்பாலும் சமதரை, பெரும்பாலும் நிழல். தூங்குமூஞ்சி மரங்கள் பாதையின் மேல் கைகோத்து நிற்கின்றன. ஏரிக்கரை இலவ மரத்தின் அடி வேர்கள் சுவர்போல எழும்பியிருக்கும். அதன் மடிப்புக்குள் நாலு பிள்ளைகள் ஒளிந்துகொள்ளலாம். லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்து 1889இல் அடிக்கல் போட்ட கண்ணாடி மாளிகை நடுவில். நடக்க முடியாத பெரியவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு.

லால்பாகின் நேரம் காலை ஆறு மணி. நடைக்கு வரும் உள்ளூர்க்காரர்களோடு நுழைந்துவிடுங்கள், அந்த நேரத்தில் சீட்டும் கேட்பதில்லை. பனி கலைவதையும், ஏரியில் நீர்க்காகம் சிறகு உலர்த்துவதையும் அப்போதுதான் பார்க்கலாம். ஒன்பது மணிக்குமேல் சத்தம் கூடும், மதியம் சாதாரணப் பூங்காபோல ஆகிவிடும். மதியம் போய்விட்டு "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொன்னவர்கள் எனக்கு நிறையப் பேர் தெரியும். அவர்களை மறுபடி காலையில் போகச் சொல்வதுண்டு.

பூ வேண்டும் என்றால் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க்காட்சிகள். கண்ணாடி மாளிகைக்குள் லட்சக்கணக்கில் பூ. அந்த நாட்களின் நெரிசல் ஊட்டியின் மே மாதத்துக்குச் சளைத்ததல்ல, வார நாளில் காலையிலேயே போவது ஒன்றுதான் வழி. என்னைக் கேட்டால் மலர்க்காட்சியைவிட, ஜனவரி முதல் மார்ச் வரை இளஞ்சிவப்பு டபெபுயா மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூவாக மட்டும் நிற்பதைச் சொல்வேன். அப்புறம் ஜகரண்டாவின் ஊதா.

செலவு இங்கேதான் குறைவு. சென்னையிலிருந்து பகல் ரயில்கள் நிறைய. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் லால்பாக், பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் அதே லால்பாக் சாலையில், நடை முடித்துவிட்டு ரவா இட்லிக்கு வரிசையில் நிற்கலாம். மறைந்திருக்கும் செலவு என்று சொன்னால் ஊர் நெரிசல்தான். தங்குமிடத்தை மெட்ரோ வழித்தடத்தில் எடுக்காவிட்டால், காலை ஆறு மணி என்ற திட்டம் ஆட்டோவுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

குறை என்ன? ஊரை விட்டு வந்த உணர்வு வராது. எங்கேயாவது ஓரிடத்தில் ஹாரன் சத்தம் வந்து சேரும். புதுமணத் தம்பதிக்கோ, சென்னை வெயிலிலிருந்து தப்பிக்க நினைப்பவருக்கோ நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## பேராதனை: மரத்துக்காகப் போகிறவர்களுக்கு

கண்டியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குள். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அரசவை வைத்திருந்த இடம். 1821இல் அலெக்சாண்டர் மூன் தாவரவியல் தோட்டமாக ஆக்கினார். மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அங்கே எப்படி நடக்க வேண்டும் என்று பிடிபட்டது. 1950இல் நட்ட ராயல் பனை வரிசையில் தொடங்குங்கள். சாம்பல் நிறத் தூண்கள் ஒரே உயரத்தில் இருபுறமும் நிற்கும், மண்டபத்துக்குள் நடப்பதுபோல இருக்கும். அப்புறம் கடல் தேங்காய் மரங்கள், முதலில் நட்டது 1850இல். செஷல்ஸ் தீவுகளைச் சேர்ந்த இந்த மரத்தின் விதைதான் உலகத்திலேயே பெரியது, ஒன்று இருபது கிலோவுக்கு மேல்கூட வளரக்கூடியது. காய் முற்ற ஆறேழு வருடம். இந்தக் காயைத் தலைக்கு மேலே பார்த்தபடி நிற்கும்போது ஒரு மரத்தின் பொறுமை என்னவென்று புரிகிறது.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் மன்னரான ஐந்தாம் ஜார்ஜ் 1901இல் நட்ட நாகலிங்க மரம் ஒன்று உண்டு. சிவன் கோயில் வளாகங்களில் நாம் பார்க்கும் அதே மரம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. புல்வெளி நடுவே ஒரு ஜாவா அத்தி, தனி மரமாகவே ஒரு தோப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பையன்கள் அதன் வேர்களுக்குள் புகுந்தால் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டார்கள். உயர மரங்களில் ஆயிரக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். கீழே நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு மேலே பாருங்கள்.

1824இல் சீனத்துத் தேயிலைச் செடி இலங்கையில் முதலில் வைக்கப்பட்டது இந்தத் தோட்டத்தில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டார். முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடத்தியே கூட்டிப்போகப்பட்டவர்களின் வழி வந்தவர்கள்தான் இன்றைய மலையகத் தமிழர்கள். நாம் போகிற பூங்காக்கள் அழகுக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல. எந்தச் செடி எங்கே பணமாகும் என்று சோதித்த இடங்கள் அவை, அந்தச் சோதனையின் விலையைக் கொடுத்தவர்களில் நம் ஆட்கள் உண்டு. கண்டிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

தரை சமம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றலாம். வெயில் ஏறினால் வியர்வை ஊற்றும், அதனால் காலையில் நுழைந்து மதியத்துக்குள் முடிப்பது நல்லது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கிட்டத்தட்டத் தினமும் உண்டு. விடுமுறை நாளிலும், போயா என்னும் பௌர்ணமி நாளிலும் உள்ளூர்க் கூட்டம் நிறையும்.

வெளிநாட்டவருக்கான நுழைவுச்சீட்டு உள்ளூர்க்காரர்களுக்கானதைப்போலப் பல மடங்கு. நாலு பேர் குடும்பத்துக்கு இது உறைக்கிற தொகைதான். அதோடு விமானம், விசா நடைமுறை, கொழும்பிலிருந்து கண்டிக்கு மூன்று மணி நேர ரயில். பூங்காவுக்காக மட்டும் கடல் தாண்டுவது எல்லோருக்கும் கட்டாது. ஆனால் இலங்கைப் பயணம் எப்படியும் இருக்கிறது என்றால் கண்டியில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகையையும் பூங்காவையும் ஒரே நாளில் திணிக்கும் பயணத் திட்டங்களை ஏற்காதீர்கள். அவற்றில் பூங்காவுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற வாசகர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, பேராதனைக்குப் போங்கள். பூ பார்க்கும் ஆசைக்கு மட்டும் இன்னொரு வருடம் ஊட்டி.

## சித்தி மகளுக்கு என்ன சொன்னேன்?

பெரியம்மாவோ மாமியாரோ கூட வரவில்லை, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், குளிரும் பூவும் வேண்டும் என்றால் ஊட்டியே என்றிருப்பேன். மரம் பார்க்கும் ஆர்வம் உள்ளவர், பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, நாலு நாள் இருக்கிறது என்றால் பேராதனை. அவள் நிலைமை வேறு. சித்திக்கு முட்டி வலி, பையனுக்கு எட்டு வயது, மாப்பிள்ளைக்கு மூன்று நாள்தான் விடுப்பு.

அதனால் ஏப்ரலில் லால்பாக். செவ்வாய்க்கிழமை போய் இறங்கி, புதன் காலை ஆறு மணிக்கு உள்ளே. சித்தி ஏரிக்கரைப் பாதையில் நடப்பார், களைத்தால் பேட்டரி வண்டி. பையன் பாறை ஏறட்டும். கையில் ஒரு நோட்டு கொடுத்து, பெயர்ப் பலகை உள்ள பத்து மரங்களை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஊட்டியைக் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிவிட்டோம். சித்தி வீட்டில் இருப்பார், அவள் குடும்பமும் என் குடும்பமும் மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை மலை ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.